நானோமீட்டரைத் தாம்பாளத்தில் அளக்கலாம்

ஒரு மேல்நிலைப் பள்ளி வேதியியல் டீச்சர் கேட்டிருக்கும் கேள்வி இது. மே மாதம் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் நானோ அறிவியல் முகாம் நடத்தச் சொல்லித் தலைமையாசிரியர் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார், எங்களிடம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் மாதிரி எதுவும் கிடையாது, பக்கத்து ஊர்க் கல்லூரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினால் போதுமா, இல்லை பிள்ளைகள் கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா?

டீச்சர், கையால் செய்ய நிறையவே இருக்கிறது. கல்லூரிக்கும் கூட்டிப் போங்கள், ஆனால் ஐந்தாம் நாள் போங்கள். முதல் நாளே போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே அப்படிச் செய்து ஒரு முகாமைக் கெடுத்திருக்கிறேன். ஆராய்ச்சிப் படிப்புக் காலத்தில் அமெரிக்காவில் மூன்று கோடைகள் பள்ளி மாணவர் முகாம்களில் உதவியாளனாக இருந்தேன், ஊர் திரும்பிய பிறகு மே மாதங்களில் இங்கே பள்ளிகளில் நடத்துகிறேன். இங்கே நடத்திய முதல் வருடம் ஆர்வக்கோளாறில் முதல் நாள் காலையிலேயே முப்பது பிள்ளைகளை ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். குளிர்பதன அறை, பெரிய இயந்திரம், திரையில் சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு படம். எல்லோரும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது வேனில் ஒரு பெண் கேட்டாள்: "சார், அது கூகுள்ல வர்ற படம்தானே?" அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தை நம்புவதற்கோ சந்தேகப்படுவதற்கோ அவளிடம் நான் எதையும் கொடுத்திருக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே விதிதான். பிள்ளைகள் ஒரு நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவிலான ஒன்றைத் தங்கள் கையால் அளந்து, எண்ணை நோட்டில் எழுதிய பிறகுதான் எந்தப் பெரிய கருவியையும் பார்க்க வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு தாம்பாளம், தண்ணீர், டால்கம் பவுடர், கொஞ்சம் ஒலியிக் அமிலம் (ஆலிவ் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம்).

அதற்கு முன் முதல் நாள் காலையில் அளவு பற்றி ஒரு மணி நேரம் செலவிடுங்கள். எறும்பு, தலைமுடி, ரத்தச் சிவப்பணு, பாக்டீரியா, கொரோனா வைரஸ், டி.என்.ஏ. இழையின் அகலம், தங்க அணு என்று அட்டைகளில் எழுதிக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை பாதிக் குழுக்கள் அணுவையும் பாக்டீரியாவையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும், இரண்டுமே "கண்ணுக்குத் தெரியாதது" என்ற ஒரே மூட்டையில் கிடப்பதால். அப்புறம் எண்களைச் சொல்லுங்கள்: முடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் பக்கம், சிவப்பணு 7,000, கொரோனா வைரஸ் 100, டி.என்.ஏ. 2, தங்க அணு 0.3. விரல் நகம் நொடிக்குச் சுமார் ஒரு நானோமீட்டர் வளர்கிறது என்றால் எல்லோரும் ஒரு கணம் நகத்தைப் பார்ப்பார்கள். இன்னொன்றும் சொல்வேன், இது எனக்குப் பிடித்தது. பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒரு பங்கு, கீழ்முந்திரியில் 21-இல் ஒரு பங்கு இம்மி. அதாவது 21,50,400-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டரில் ஓர் இம்மி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கச் சொன்னால் 465 நானோமீட்டர் வரும். அது நீல ஒளியின் அலைநீளம். தற்செயல்தான், நம் முன்னோருக்கு நீல ஒளியின் அலைநீளம் தெரியும் என்று யாராவது கிளப்பிவிடப் போகிறார்கள், அதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் "இம்மியளவும் பிசகாமல்" என்று பாட்டி சொல்லும்போது எவ்வளவு சின்னதைச் சொல்கிறாள் என்று பிள்ளைகளுக்குப் புரியும், நானோமீட்டர் அதையும் விட 465 மடங்கு சிறியது என்பதும் மறக்காது.

சரி, தாம்பாளத்துக்கு வருவோம். இந்தச் சோதனை பல வருடங்கள் 11-ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இயற்பியல் புத்தகத்தில் இருந்தது. படித்தவர்கள் உண்டு, செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 1 மி.லி. ஒலியிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து 20 மி.லி. ஆக்குங்கள். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடி ஆல்கஹால் சேர்த்து 20 மி.லி. ஆக்குங்கள். இப்போது கரைசலில் 400-இல் ஒரு பங்குதான் அமிலம். எத்தனாலுக்கு அனுமதி, பதிவேடு என்று அலைய வேண்டாம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். உங்கள் டிராப்பரில் எத்தனை சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. ஆகிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள், 50 சொட்டு என்று வைத்துக்கொள்வோம். தாம்பாளத்தில் ஒரு விரல்கடை உயரம் தண்ணீர் ஊற்றி, அலை அடங்கியதும் பவுடரைத் துணியில் சலித்து லேசாகத் தூவி, நடுவில் ஒரே ஒரு சொட்டு. பவுடர் விலகி வட்டமாக ஓர் இடம் திறக்கும். அது கிட்டத்தட்ட 18 செ.மீ. விட்டம் இருந்தால் பரப்பு 254 சதுர செ.மீ. சொட்டில் இருந்த அமிலம் 0.02-ஐ 400-ஆல் வகுத்தால் 0.00005 கன செ.மீ. கனஅளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன், அதாவது சுமார் 2 நானோமீட்டர். ஒலியிக் அமில மூலக்கூறு தண்ணீரில் தலையைப் புதைத்து வாலைத் தூக்கி நிற்கிறது, அந்த நிற்கும் உயரம்தான் இது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளைக்கு ஒரு மூலக்கூறின் உயரம் கிடைத்துவிட்டது.

இதில் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. முதலில் வெறும் ஆல்கஹாலை ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். பவுடர் திறந்து, கொஞ்ச நேரத்தில் திரும்ப மூடிக்கொள்ளும். அமிலம் கலந்த சொட்டில் திறந்த வட்டம் அப்படியே நிற்கும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விட்டால், "ஆல்கஹால்தானே தள்ளுது?" என்று எவனாவது கேட்பான், கேட்கவில்லை என்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் முப்பது பேர் ஓர் அறையில் விசிறி இல்லாமல் வேர்த்துக்கொண்டு நிற்பது பெரிய தியாகம், ஆகவே காலை எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள். பித்தளைத் தாம்பாளத்தில் வெள்ளைப் பவுடர் நன்றாகத் தெரியும், எவர்சில்வரில் கண் கூசும். அகலம் 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் வட்டம் விளிம்பில் முட்டும்.

ஒரு வருடம் எட்டுத் தாம்பாளங்களில் ஐந்தில் சோதனை ஓடவே இல்லை. சொட்டு விட்டால் பவுடர் அசையாமல் கல் மாதிரி நின்றது. முந்தின நாள் சாயங்காலம் ஆயாம்மா அன்போடு எல்லாவற்றையும் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்திருந்தார். சரியாக அலசாததால் ஒட்டியிருந்த துளி சோப்பு ஏற்கனவே தண்ணீர் மேல் ஒரு படலமாகப் பரவிவிட்டது, புதிதாக வருகிறவருக்கு இடமில்லை. வெந்நீரில் ஏழெட்டு முறை அலசி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்த பிறகு சரியானது. அன்று எரிச்சலாக இருந்தது, இப்போது ஒவ்வொரு வருடமும் வேண்டுமென்றே ஒரு தாம்பாளத்தைச் சோப்போடு விட்டுவைக்கிறேன். ஏனென்றால் அந்த இடத்தில் ஆக்னஸ் பொக்கெல்ஸின் கதையைச் சொல்லலாம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பெண், பிறந்தது 1862. அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயாளியான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமையலறை வேலையோடு வேலையாக, எண்ணெயும் சோப்பும் பட்ட தண்ணீரின் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று இருபது வயதை ஒட்டியே அளக்கத் தொடங்கியவர். ஒரு தகரத் தொட்டி, குறுக்கே நகர்த்த ஒரு பட்டை, அவ்வளவுதான் கருவி. 1891-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் லார்டு ரேலேவுக்குக் கடிதம் எழுதினார், ரேலே அதை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார், அச்சானது. அந்தத் தொட்டியின் வாரிசைத்தான் பிறகு அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் பயன்படுத்தினார், 1932-இல் மேற்பரப்பு வேதியியலுக்காக நோபல் பெற்றார். பாத்திரம் கழுவும் சோப்பு நம் சோதனையைக் கெடுத்த அரை மணி நேரத்துக்குள் இதைச் சொன்னால் பெண் பிள்ளைகள் கேட்கும் விதமே வேறாக இருக்கிறது.

எட்டுக் குழுக்களின் எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். என் முகாம்களில் 1.4-இலிருந்து 3.1 வரை வரும், யாராவது ஒரு குழு 38 என்று எழுதும். இரண்டாவது முறை நீர்த்ததை மறந்துவிட்டார்கள், இருபது மடங்கு பிழை. அதை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லாதீர்கள், மற்ற குழுக்கள் கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாம் நாள் ஒளி. பழைய சிடி, டிவிடி இரண்டும் வேண்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் இவற்றைக் கையில் பிடித்ததே இல்லை, ஒரு பையன் அப்பா அம்மாவின் கல்யாண டிவிடியையே தூக்கி வந்துவிட்டான், நல்ல வேளை கீறுவதற்குள் பார்த்துவிட்டோம். சிடியின் தடங்களுக்கு இடையே 1,600 நானோமீட்டர், டிவிடியில் 740. சிவப்பு லேசர் அலைநீளம் சுமார் 650. அட்டையில் துளை போட்டு, துளை வழியாக லேசரை 20 செ.மீ. தள்ளி இருக்கும் தட்டின் மேல் செங்குத்தாக அடித்தால், ஒளி பிரிந்து திரும்பி வந்து அட்டையில் புள்ளிகளாக விழும். சிடியில் முதல் புள்ளி நடுவிலிருந்து கிட்டத்தட்ட 9 செ.மீ. தள்ளி விழும், டிவிடியில் 37 செ.மீ. தள்ளிப் போய்விடும். பதினொன்றாம் வகுப்புக்காரர்கள் சைன் போட்டுத் தட இடைவெளியைக் கணக்கிடுவார்கள், ஒன்பதாம் வகுப்புக்கு "நெருக்கமான கோடு, விலகிப் போகும் புள்ளி" என்பது போதும். ப்ளூ-ரே தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் இடைவெளி 320, சிவப்பு லேசரைச் செங்குத்தாக அடித்தால் பக்கத்துப் புள்ளியே வராது. ஒளி தன் அலைநீளத்தை விட மிகச் சிறியதைப் பிரித்துக் காட்டாது என்பதை, சாதாரண மைக்ராஸ்கோப் ஏன் 200 நானோமீட்டர் பக்கம் தோற்றுப்போகிறது என்பதை, இதை விட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லேசரைக் கண்ணில் அடித்து விளையாடும் பையன் ஒருவனாவது இருப்பான், எல்லா லேசரும் மேசையோடு டேப் போட்டு ஒட்டியிருக்கட்டும்.

ஒளியால் முடியாது என்றால் வேறு எதனால் பார்ப்பது? தடவித்தான். ஒரு செருப்பு டப்பாவுக்குள் களிமண்ணில் மேடு பள்ளம் செய்து மூடி, மூடியில் வரிசையாகத் துளை போட்டு, ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒவ்வொரு துளையிலும் அளந்து வரைபடத்தாளில் வண்ணம் தீட்டினால் உள்ளே இருக்கும் உருவம் வெளியே வரும். 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் செய்த அணுவிசை மைக்ராஸ்கோப்பின் வேலை முறை இதுதான், ஊசி மட்டும் பல ஆயிரம் மடங்கு நுண்மையானது. டப்பா மர்மத்தில் மதியம் முழுவதும் போய்விடும், போகட்டும்.

மூன்றாம் நாள் தங்கம். இதற்குத்தான் கொஞ்சம் செலவு. பழைய வேலை இது: மைக்கேல் ஃபாரடே 1857-இல் சிவப்புத் தங்கக் கரைசல்கள் பற்றி எழுதினார், அவர் செய்த குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. நாம் செய்வது 1951-இல் டர்கெவிச் எழுதிய சிட்ரேட் முறை. ஒரு மில்லிமோலார் கோல்டு குளோரைடு கரைசல் 20 மி.லி.யைக் கொதிக்க வைத்து, ஒரு சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் 2 மி.லி. சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், வெளிர் மஞ்சள் போய் நிறமில்லாமல் ஆகி, கறுத்து, பிறகு பத்து நிமிடத்துக்குள் நல்ல திராட்சை ரசச் சிவப்பு வரும். துகள்கள் 13 நானோமீட்டர் பக்கம். அறையில் சத்தம் நின்றுவிடும் நேரம் அது. தங்கம் ஏன் சிவப்பு என்றால், அந்த அளவுத் துகளில் எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஊசலாடி 520 நானோமீட்டர் பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன, மிச்சம் சிவப்பாகத் தெரிகிறது.

ஆனால் சிவப்பு வந்ததோடு நிறுத்தினால் மேஜிக் ஷோவோடு நின்றுவிடும். இரண்டு சிறு குப்பிகளில் பிரித்து, ஒன்றில் உப்புக் கரைசல், இன்னொன்றில் சர்க்கரைக் கரைசல் விடப் போகிறோம், என்ன ஆகும் என்று எழுதிவிட்டு விடுங்கள் என்று சொல்லுங்கள். உப்பு விட்டது நீலமாகும், சர்க்கரை விட்டது அப்படியே இருக்கும். சிட்ரேட் ஒட்டிய துகள்கள் ஒரே மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன, உப்பின் அயனிகள் அந்தத் தள்ளலை மறைத்ததும் கூடிக்கொண்டன, கூடியதும் நிறம் மாறுகிறது. பொருள் அதே தங்கம், மாறியது துகள்கள் நின்ற தூரம்தான். இந்த இடத்தில் கோவிட் வீட்டுப் பரிசோதனைக் கிட்டை எடுத்துக் காட்டுங்கள், பெரும்பாலானவற்றில் அந்தச் சிவப்புக் கோடு தங்க நானோ துகள்தான். கர்ப்பப் பரிசோதனைக் கிட்டும் அதே கதைதான், அதைக் காட்டலாமா என்பது உங்கள் பள்ளியின் சௌகரியம்.

இங்கே ஒரு புலம்பல். கோல்டு குளோரைடு விலை என்பதால் "வெள்ளி நைட்ரேட்டில் துளசிச் சாறு விட்டு நானோ வெள்ளி செய்யலாம், பசுமை முறை" என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். துளசி, வேம்பு, முருங்கை என்று ஓர் இலையையும் விட்டுவைக்காமல் நம் கல்லூரிகளில் இந்த ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேதியியல் தப்பில்லை, சாறு வெள்ளி அயனியை ஒடுக்குவது உண்மைதான். ஆனால் பச்சைத் தண்ணீர் பழுப்பாக மாறியதைப் பார்த்துவிட்டு "நானோ துகள் வந்துவிட்டது" என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எப்படித் தெரிந்துகொள்ளும்? வெட்டி வைத்த ஆப்பிளும்தான் பழுப்பாகிறது. நிறமாலைமானி (ஒரு கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் கருவி) இல்லாத இடத்தில் இதைச் செய்தால், நம்பச் சொல்லிப் பழக்குகிறோம், அவ்வளவுதான். தங்கத்தில் உப்பும் சர்க்கரையுமாவது கண்ணெதிரே வித்தியாசம் காட்டும்.

நான்காம் நாள் மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ.யிலிருந்து 6,000 சதுர மீட்டர் ஆகும், ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஏக்கர் என்றால் உடனே பிடிபடும், வீட்டில் இருக்கும் வயலோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். தாமரை இலை மே மாதத்தில் கிடைக்காவிட்டால் சேம்பு இலை போதும், தண்ணீர் அதிலும் முத்தாக உருளும். இலையை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தேய்த்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு விட்டால் சொட்டு படிந்துவிடும், மேலிருந்த மெழுகு நுண்ணிழைகள் போய்விட்டதால். பக்கவாட்டில் செல்போனில் படம் பிடித்து, அச்செடுத்து, கோணமானியால் தொடுகோணம், அதாவது சொட்டின் விளிம்பு இலையைத் தொடும் கோணம், அளக்கலாம். பான் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை 1997-இல் விளக்கமாக எழுதிய பிறகுதான் தாமரை விளைவு என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. பென்சில் கிராஃபைட்டை டேப்பில் ஒட்டி உரிக்கும் விளையாட்டும் அன்றே வைக்கலாம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஏறத்தாழ மூன்று லட்சம் அடுக்குகள், ஒவ்வொரு முறையும் சரிபாதியாகப் பிரிந்தால் 18 முறையில் ஒற்றை அடுக்கு, சதுரங்கப் பலகையில் நெல் வைத்த கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி. 2004-இல் கெய்மும் நோவோசெலோவும் மான்செஸ்டரில் கிராஃபீனை இப்படி டேப்பால்தான் பிரித்தார்கள். சாய சூரிய மின்கலத்தை மட்டும் முதல் வருடம் தொடாதீர்கள். 1991-இல் ஓரெகனும் கிரெட்சலும் செய்த அருமையான விஷயம், செம்பருத்திச் சாற்றிலேயே ஓடும், ஆனால் மின்கடத்தும் கண்ணாடியும் 450 டிகிரி சூளையும் வேண்டும், அதற்குள் முகாம் முடிந்துவிடும்.

இவற்றில் எதுவும் என் சொந்தச் சரக்கில்லை. அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய நைஸ் நெட் என்ற அருங்காட்சியகக் கூட்டமைப்பு, 2008 முதல் 2015 வரை 'நானோடேஸ்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான இடங்களுக்குச் சோதனைப் பெட்டிகள் அனுப்பியது, அந்தச் செய்முறைகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தார் தங்க நானோ துகள் உட்படப் பல சோதனைகளுக்கு வீடியோவோடு கையேடு போட்டிருக்கிறார்கள், முகாமுக்கு முன் இரண்டு முறை பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா நானோசிஸ்டம்ஸ் இன்ஸ்டிடியூட் செய்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு: முதலில் ஆசிரியர்களைக் கூப்பிட்டுச் சோதனையைச் செய்ய வைத்து, பிறகு சாமான்களைக் கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நீங்களும் உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரும் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள், தாம்பாளம் உங்களையும் ஒரு முறை ஏமாற்றட்டும். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது கேட்டால் அவர்கள் வழி வேறு: பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் உதவித்தொகை என்று இரண்டு மாத வாய்ப்புகள் உண்டு.

ஐந்தாம் நாள் அந்தக் கல்லூரிக்குப் போங்கள். தாங்கள் செய்த தங்கக் கரைசலை ஒரு குப்பியில் கொண்டு போகட்டும், முன்கூட்டியே பேசி வைத்தால் அதை நிறமாலைமானியில் போட்டுக் காட்டுவார்கள். 520 அருகே மேடு எழும்போது ஓர் உற்சாகம் வரும் பாருங்கள், மைக்ராஸ்கோப்பில் கூட அவ்வளவு வராது.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். உலர்ந்த நானோ பொடி எதையும் பள்ளிக்குள் கொண்டு வராதீர்கள், எல்லாம் திரவத்திலேயே இருக்கட்டும், மூச்சில் போகாது. தங்கக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் ஒரு ஜாடியில் சேர்த்துக் கல்லூரியில் கொடுத்துவிடுங்கள். கையுறை கட்டாயம், கோல்டு குளோரைடு தோலில் பட்டால் ஊதாக் கறை நாள்கணக்கில் போகாது, பெற்றோர் போன் செய்வார்கள். புதுக் கண்ணாடிக் குப்பிகளையே வாங்குங்கள், ஏனென்றால் பழைய குப்பியில் அழுக்கு இருந்தால் சிவப்புக்குப் பதில் கறுப்பு வண்டல்தான் வரும், ஆய்வகக்காரர்கள் ராஜதிராவகத்தில் (தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை) கழுவுவது போல் பள்ளியில் செய்ய முடியாது. ஒரு கிராம் கோல்டு குளோரைடில் இரண்டரை லிட்டர் கரைசல் வரும், 20 மி.லி. கணக்கில் 120 குழுக்களுக்கு மேல், ஆகவே பக்கத்துப் பள்ளி இரண்டு மூன்றோடு பங்கு போட்டு வாங்குங்கள். உலோகக் கரண்டியால் அள்ளாதீர்கள், கரண்டியை அரித்துவிடும், பிளாஸ்டிக் கரண்டி போதும். ஆர்டரை மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள், எனக்கு ஒரு வருடம் முகாம் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் பார்சல் வந்தது.